முத்திரை இல்லாத வாக்குச்சீட்டு

சட்ட மேலவைத் தேர்தலுக்கு முத்திரைக் கட்டை கிடையாது. சின்னமும் கிடையாது. வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இருக்கும்; எதிரே ஒரு காலிக் கட்டம். வாக்காளர் தனக்கு முதலில் பிடித்தவர் பெயருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும். அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3. விருப்பம் இருக்கிற வரை எழுதிக்கொண்டே போகலாம். 1 மட்டும் எழுதிவிட்டு மடித்தும் போட்டுவிடலாம். ஆனால் எண்ணால்தான் எழுத வேண்டும். ‘ஒன்று’ என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. டிக் அடித்தால் செல்லாது. கையெழுத்துப் போட்டால் நிச்சயமாகச் செல்லாது. படித்தவர்கள் மட்டுமே வாக்களிக்கிற தேர்தலில் இத்தனை செல்லாத வாக்கு விழுமா என்று முதல் தடவை எண்ணும்போது திகைத்துப் போனேன்.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வேலைக்காலத்தின் பெரும்பகுதியைத் தேர்தல் பிரிவிலேயே கழித்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். நான் சேர்ந்தபோது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985 செப்டம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது. அதனால் மேலவைத் தேர்தல் என்றால் எங்களுக்கு வாக்குப்பதிவு இங்கே, எண்ணிக்கை மதுரையில். பட்டதாரிகள் தொகுதியின் எண்ணிக்கைக்கு என்னையும் அனுப்பினார்கள். அந்த மேசையில் கற்றுக்கொண்டதை வேறு எந்தத் தேர்தலிலும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அன்றைய சட்டமன்றத் தேர்தலில் சீட்டு எந்தச் சின்னத்தின் கட்டில் விழுந்ததோ அங்கேயே கிடந்தது. இங்கே அப்படியில்லை. மரத்தட்டில் வேட்பாளருக்கு ஒரு அறை. முதலில் 1 யாருக்கு என்று பார்த்து அந்தந்த அறையில் போடுவோம். செல்லுபடியான வாக்கில் பாதிக்கு ஒன்று கூடுதலாக யாருக்கு இருக்கிறதோ அவர் வென்றவர். பத்தாயிரம் செல்லுபடியான வாக்கு என்றால் 5,001 வேண்டும். யாருக்கும் அது கிடைக்கவில்லை என்றால் கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு, அவருடைய கட்டைப் பிரித்து, ஒவ்வொரு சீட்டிலும் 2 யாருக்கு என்று பார்த்து அவரவர் அறைக்கு மாற்ற வேண்டும். 2 எழுதாத சீட்டுகளைத் தனியே கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். அவற்றின் பயணம் முடிந்தது. மறுபடி கணக்கு, மறுபடி கடைசி ஆளை நீக்கல். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் முந்துவார், இரண்டு மணிக்கு வேறொருவர். ஏஜெண்டுகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள்.

அன்று என் மேசைக்கு வந்த ஒரு சீட்டில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள் இருந்தன. நிறுத்தி, கை நடுங்காமல் எழுதியவை. பக்கத்தில் இருந்தவர் செல்லாத கட்டில் வைக்கப் போனார். மேற்பார்வையாளர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொண்டுபோனார். அவர் விதிப் புத்தகத்தைப் பிரித்து எல்லா ஏஜெண்டுகளும் கேட்கப் படித்தார்: எண் சர்வதேச வடிவில் இருக்கலாம், ரோமன் வடிவில் இருக்கலாம், இந்திய மொழி எதில் வழங்கும் வடிவிலும் இருக்கலாம். செல்லும் என்று மேலே எழுதிக் கையெழுத்திட்டார். அந்தச் சீட்டு முதலில் போனது பின்தங்கியிருந்த ஒரு வேட்பாளரின் அறைக்கு. அவர் நீக்கப்பட்டதும் ௨ என்று இருந்தவரிடம் போனது. அவரும் நீக்கப்பட்டபோது ௩ என்று இருந்தவரிடம் போய், கடைசிச் சுற்று வரை எண்ணிக்கையில் நின்றது. எழுதியவர் யார் என்று தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் ஒரு வாக்காளரின் மூன்று விருப்பங்களும் கணக்கில் ஏறியதை ஒரே ராத்திரியில் கண்ணால் பார்த்தேன். ‘உங்கள் வாக்கு வீணாகாது’ என்று மேடையில் சொல்கிறார்களே, அது சட்டப்படி நடக்கிற இடம் இந்தத் தேர்தல்தான்.

கட்சிக்காரர்கள் இதையும் கெடுத்தார்கள். ‘நம்மாளுக்கு ஒண்ணு போட்டுட்டு மடிச்சுப் போட்ருங்க சார், வேற எதுவும் எழுதாதீங்க’ என்று வாசலில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். அதைக் கேட்டவர்களின் சீட்டுகள்தான், அவர்கள் ஆள் நீக்கப்பட்டதுமே ஓரத்துக்குப் போயின.

மேலவை என்றால் என்ன என்று இன்றைக்கு நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் இரண்டு அவைகளாகச் சட்டமன்றம் அமைந்தது 1937-ல். அரசியல் சாசனம் எழுதும்போது, எந்த மாகாணத்துக்கு மேலவை வேண்டும் என்பதை அந்தந்த மாகாணத்து உறுப்பினர்களிடமே விட்டார்கள். சென்னை வேண்டும் என்றது, அசாமும் ஒரிசாவும் வேண்டாம் என்றன. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி அமைப்புகள் தேர்ந்தெடுக்கும். மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகள், அதே அளவு ஆசிரியர்கள். மீதியை ஆளுநர் நியமிப்பார்: இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை என்று சாசனமே துறைகளைச் சொல்கிறது. இந்த அவையைக் கலைக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களுக்குத் தேர்தல் நடக்கும்.

அதிகாரம் என்று பார்த்தால் குறைவுதான். பண மசோதாவைப் பதினான்கு நாள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. மற்ற மசோதாவை முதல் தடவை மூன்று மாதம் நிறுத்தலாம். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு மேலவை என்ன சொன்னாலும் சட்டம் சட்டம்தான். மாநிலங்களவைக்கு இருக்கிற பலத்தில் கால்வாசியும் இல்லை. ஆனால் அந்த நாலு மாதத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் ஒரே மூச்சில் மசோதாக்கள் நிறைவேறுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். அவை தாலுகா அலுவலகத்துக்கு விதியாகவும் படிவமாகவும் வந்துசேரும்போது, இந்த வரியை யாராவது நின்று படித்திருந்தால் பட்டா மாறுதலுக்கு வருகிற ஆத்தூர் விவசாயி இரண்டு தடவை அலைய வேண்டியிருக்காதே என்று நாங்கள்தான் நினைத்திருக்கிறோம். படிக்கிறதுக்கு நேரமும், மறுதேர்தல் பயம் இல்லாத ஆட்களும் வேண்டும். இந்த அவை இருந்ததன் நியாயம் அதுதான்.

நியமன உறுப்பினர் என்பதை எங்கள் பக்கத்தில் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்றால், காந்திகிராமத்தை வைத்து. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1947-ல் அந்த நிறுவனத்தை எழுப்பிய டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் கணவன் மனைவி. அம்மையார் 1952-ல் ஆத்தூரிலும் 1957-ல் வேடசந்தூரிலும் நின்று எம்.எல்.ஏ. ஆனவர், 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி மத்தியத் துணை அமைச்சராக இருந்தார். ராமச்சந்திரன் 1964-ல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனார். ஒரே வீட்டில் ஒருவர் ஊர் ஊராக வாக்குக் கேட்டுப் போனார், இன்னொருவர் கேட்காமலே அழைக்கப்பட்டுப் போனார். இரண்டும் பொதுவாழ்வுக்கு வேண்டியவை. நூற்புக்கும் ஆதாரக் கல்விக்கும் வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைத் தேர்தல் செலவுக்குள் இறக்காமல் அவைக்கு அழைத்து உட்காரவைக்க ஒரு வாசல் வேண்டும்.

அதே வாசலை வேறு மாதிரியும் பயன்படுத்தினார்கள், அதை மறைப்பதற்கில்லை. 1952 தேர்தலில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்காதபோது, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். அவர் முதலமைச்சர் ஆனார். பி.ராமமூர்த்தி நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை. 1967-ல் எம்.பி.யாக இருந்த அண்ணா முதலமைச்சராகி, மேலவை உறுப்பினரானதும் உண்டு. ஆனால் அவர் மக்கள் தந்த பெரும்பான்மையோடு வந்தவர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ராஜாஜி வந்த வழி அன்றிலிருந்து மேலவைமேல் ஒரு கறையாக ஒட்டிக்கொண்டது. தேர்தலில் தோற்றவர்களுக்கு அது புகலிடம் என்று சொல்பவர்களுக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை.

1986 வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், நெடுங்காலத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்திருந்தது. ஊராட்சிகளுக்கு 1970-க்கு அப்புறம் அதுதான் தேர்தல். நகராட்சிகளில் பெரும்பாலானவற்றை எதிர்க்கட்சியான திமுக பிடித்தது. மேலவையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி இடங்கள் என்பதால் அடுத்து என்ன நடக்கும் என்று கணக்குப் போடத் தேர்தல் பிரிவு எழுத்தர் வேண்டியதில்லை, திண்டுக்கல் பேகம்பூர் டீக்கடையிலேயே போட்டார்கள். கருணாநிதி அப்போது மேலவை உறுப்பினர். திரைக்கலைஞர் ஒருவரை நியமிக்க அரசு எடுத்த முயற்சி சட்டச் சிக்கலில் முடிந்த கசப்பும் சேர்ந்திருந்தது. மே 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு சட்டமன்றத்தில் மேலவை ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. அறுபத்து மூன்று உறுப்பினர்கள் இருந்த அவை. கடைசித் தலைவர் ம.பொ.சிவஞானம்.

எங்கள் அலுவலகத்தில் அது ஒரு சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. பட்டதாரிகள், ஆசிரியர்கள் வாக்காளர் பட்டியல் சம்பந்தமான கோப்புகளை முடித்துப் பதிவறைக்கு அனுப்பச் சொன்னார்கள். சைக்ளோஸ்டைல் செய்த பட்டியல் நகல்களைக் கட்டி, லேபிள் ஒட்டி அனுப்பினோம். கலைக்க முடியாத அவை என்று வேலைக்குச் சேர்ந்தபோது படித்தது மனதில் வந்தது. ஆளுநராலும் முதலமைச்சராலும் கலைக்க முடியாதுதான். ஆனால் 169-ஆம் பிரிவு இருக்கிறதே: சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்பவரில் மூன்றில் இரண்டு பங்கும் ஒப்பினால் மேலவை வேண்டாம் என்று தீர்மானம் போடலாம், நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் செய்துவிடும். மேலவையின் சம்மதத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கீழவையைத் தட்டிக்கேட்க வைத்த அவையின் உயிரைக் கீழவையின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அது எப்படித் தட்டிக்கேட்கும்? ஒத்துப்போனால் ‘இது எதற்கு, வீண் செலவு’ என்பார்கள். எதிர்த்து நின்றால் எடுத்துவிடுவார்கள். ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் 1985-ல் எடுத்தார். 2007-ல் திரும்ப வந்தது. 2020 ஜனவரியில், மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்கள் வைக்கும் மசோதாக்களை அந்த மேலவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. சாசனம் கொடுத்த வேலையைத்தான் செய்தது. அதே மாதம் 27-ஆம் தேதி சட்டமன்றம் மேலவையை ஒழிக்கத் தீர்மானம் போட்டது. மறுவருஷம் அந்தத் தீர்மானத்தையே திரும்பப் பெற்றார்கள் என்பது வேறு, மிரட்டல் மிரட்டல்தான்.

நம் மாநிலத்தில் இது ஊஞ்சலாகவே ஆகிப்போனது. 1989-ல் திமுக அரசு மேலவை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1990-ல் மாநிலங்களவை மசோதாவை ஏற்றும் மக்களவையில் முடியவில்லை. 1991-ல் அதிமுக அரசு வேண்டாம் என்றது. 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம். 2010 ஏப்ரல் 12 அன்று மறுபடி வேண்டும் என்று தீர்மானம். இந்தத் தடவை மே மாதமே நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றிவிட்டன. எழுபத்தெட்டு இடங்கள்: சட்டமன்றத்திலிருந்து 26, உள்ளாட்சியிலிருந்து 26, பட்டதாரிகள் 7, ஆசிரியர்கள் 7, நியமனம் 12.

அப்போது தேர்தல் பிரிவில் மேலவை வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தோம். பட்டதாரிக்குப் படிவம் 18, ஆசிரியருக்குப் படிவம் 19. பொது வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. ஒவ்வொருவரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஆசிரியர் என்றால் கடந்த ஆறு வருஷத்தில் மொத்தம் மூன்று வருஷமாவது, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் பாடம் எடுத்திருக்க வேண்டும். கன்வகேஷன் சர்டிபிகேட்டின் நகலில் சான்றொப்பம் வேண்டும். புரொவிஷனலோடு வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு பெயரின் முன்னெழுத்து மாறிய பெண்கள், தபால் வழியில் படித்த ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர்கள், நத்தத்திலிருந்தும் வத்தலகுண்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் என்று சனிக்கிழமையிலும் வரிசை நின்றது. படிவத்தைக் கட்டுக்கட்டாகக் கட்சிக்காரர்கள் கொண்டுவந்தபோது வாங்க மறுத்தோம். மொத்தமாகக் கொடுப்பதற்கு விதியில் இடமில்லை.

அந்த வரிசையில் ஒரு நாள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். படிவம் 19-ஐ அழகாக நிரப்பியிருந்தார்.

“டீச்சர், இது ஹைஸ்கூல் ஆசிரியர்களுக்கு மட்டும்தாங்க. நீங்க டிகிரி முடிச்சிருந்தா படிவம் 18 குடுங்க, பட்டதாரி லிஸ்ட்ல சேத்துருவோம்.”

“டிகிரி இல்ல சார். நான் செகண்டரி கிரேடு டிரெய்னிங்தான்.”

“அப்ப வழியில்லைங்களே.”

அவர் கோபப்படவில்லை. பின்னால் நின்ற இளைஞனைக் காட்டினார். “இவன் எங்கிட்டதான் சார் அ, ஆ படிச்சான். இன்னிக்கு பி.காம். இவனுக்கு ஓட்டு உண்டு. நான் டீச்சர், எனக்கு டீச்சர் ஓட்டு இல்லீங்களா?”

சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. சாசனமே ‘உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத’ என்கிறது. 1950-ல் பட்டதாரி என்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தார். படித்தவர்களுக்கென்று தனி இடம் கொடுத்தால் அவைக்கு அறிவு சேரும் என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்கு நிலைமை அதுவா? நாகல் நகரில் நெசவாளி வீட்டுப் பிள்ளையும் பட்டதாரி. பட்டம் இருப்பதால் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு, நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டக்காரருக்கும் பேகம்பூர் தோல் பதனிடும் தொழிலாளிக்கும் கிடையாது என்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆசிரியர் தொகுதி இருக்கட்டும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் வாக்குக் கொடுத்து இருக்கட்டும். பட்டதாரி தொகுதியை எடுத்துவிட்டு விவசாயம், கைத்தொழில், தொழிற்சங்கம், கூட்டுறவு என்று தொழில் வாரியாகத் தொகுதி வையுங்கள். அயர்லாந்தின் மேலவையில் இப்படித் தொழில் வாரியான குழுக்கள் இருக்கின்றன. வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் உள்ளாட்சி உறுப்பினர்கள், எண்ணுவது நான் மதுரையில் எண்ணிய அதே முறையில்.

அந்த அயர்லாந்திலேயே 2013 அக்டோபரில் மேலவையை ஒழிக்கலாமா என்று மக்களிடம் நேரடியாகக் கேட்டார்கள். அரசாங்கமே ஒழிக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேர் அளவில் ஒழிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது முடிவு இல்லை, கேட்ட விதம். இலங்கையின் செனட்டை 1971-ல் எடுத்தபோதும் சரி, இங்கே 1986-லும் சரி, மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 169-ஆம் பிரிவு திருந்தாமல் தமிழ்நாட்டில் மேலவை திரும்ப வருவதில் எனக்கு உற்சாகம் இல்லை. ஒழிப்பதானால் மேலவையும் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். தீர்மானம் போட்ட சட்டமன்றத்துக்கு அடுத்த பொதுத்தேர்தல் முடிந்து, புதிய சட்டமன்றமும் அதையே சொன்னால்தான் நடைமுறைக்கு வர வேண்டும். அந்த இடைவெளியில் மக்கள் வாக்குச்சாவடிக்கு ஒருமுறை போய்வந்திருப்பார்கள்.

2010-ல் போட்ட பட்டியலுக்கு வருகிறேன். கோரிக்கை, ஆட்சேபணை எல்லாம் விசாரித்து, பகுதி வாரியாகப் பிரித்து வைத்தோம். மேலவைத் தேர்தலை எதிர்த்த வழக்கு டெல்லிக்குப் போனது; 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. சட்டமன்றத் தேர்தல் வேலை தலைக்குமேல் வந்துவிட்டதால் அதற்காக வருத்தப்படவும் நேரமில்லை. மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 7 அன்று புதிய சட்டமன்றம் மேலவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. ஒரு வாக்குக்கூட விழாத பட்டியல், மறுபடி பதிவறை. அந்தப் படிவங்களை நிரப்ப ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இன்றுவரை யாரும் எதுவும் எழுதி அறிவிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி யாராவது மேலவையைக் கொண்டுவர நினைத்தால், முதல் வேலை சென்னைக் கோட்டையில் இல்லை, ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. 78-ல் 26 இடம் உள்ளாட்சி என்று வைத்துக்கொண்டு உள்ளாட்சித் தேர்தலையே நடத்தாமல் இருந்தால் அவை எப்படி அமையும்? ஒரு உள்ளாட்சித் தொகுதியில் நூற்றுக்கு எழுபத்தைந்து அமைப்புகளாவது இயங்கினால்தான் தேர்தல் ஆணையம் மேலவைத் தேர்தல் வைக்கும். இங்கே 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் வந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. அந்த 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மறுபடி தனி அலுவலர்களை உட்காரவைத்தார்கள். தனி அலுவலருக்கு மேலவைத் தேர்தலில் வாக்குக் கிடையாது. எங்கள் துறை அதிகாரிகள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஊராட்சித் தலைவரின் நாற்காலி அவர்களுக்கு உரியது இல்லை. கர்நாடகத்தில் கிராம ஊராட்சி உறுப்பினர்வரை மேலவைக்கு வாக்களிக்கிறார்கள். வேடசந்தூர் பக்கம் ஒரு சின்ன ஊராட்சியின் வார்டு உறுப்பினர் கையில் அந்தச் சீட்டு இருந்தால், கோட்டையில் இருப்பவர் அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு நாளாவது கேட்க வேண்டிவரும்.

ரகசிய வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தன் சீட்டைக் கட்சியின் ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2003-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். உச்ச நீதிமன்றமும் 2006-ல் குல்தீப் நய்யார் வழக்கில் அதை ஏற்றது. மேலவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும்போது இன்றும் ரகசியம்தான். மகாராஷ்டிரத்தில் 2022 ஜூனில் நடந்த மேலவைத் தேர்தலில் வாக்குகள் மாறி விழுந்ததும், அன்று ராத்திரியே ஆளுங்கட்சியில் பிளவு வெடித்ததும் நாடறிந்தது. விலைபேசுகிறார்கள், அதனால் ரகசியம் கூடாது என்கிறார்கள். வாக்குச்சாவடித் திரைக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் உட்கார்ந்தவன் என்கிற முறையில் என் கருத்து வேறு. காட்டிவிட்டுப் போடுகிற வாக்கு வாக்கு இல்லை. விலைபேசுகிறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, அதைச் செய்யட்டும்.

நியமன இடங்களுக்கு இரண்டு விதி போதும். நியமனம் பெற்றவர் அந்தக் காலம் முடியும்வரை அமைச்சர் ஆகக் கூடாது. முந்தைய பொதுத்தேர்தலில் தோற்றவரை நியமிக்கக் கூடாது. செலவைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். 78 பேரின் படியும் பயணமும் மாநில பட்ஜெட்டில் தேடினால் கிடைக்காத தொகை, அதில் நேரத்தைச் செலவழிக்க நான் விரும்பவில்லை.

2010-ல் நாடாளுமன்றம் இயற்றிய தமிழ்நாடு சட்ட மேலவைச் சட்டத்தை ரத்து செய்ய 2012-ல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமல் கிடக்கிறது. ஆகவே மூலச் சட்டம் ஏட்டில் இருக்கிறது, அவை தரையில் இல்லை. 2021-ல் ஆட்சிக்கு வந்த கட்சி தன் தேர்தல் அறிக்கையில் மேலவையைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தது. அந்த ஐந்தாண்டில் அது வரவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தால் ரத்து மசோதாவை நிறைவேற்றிக் கோப்பை மூடுங்கள். வேண்டும் என்றால் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய தேதியில் தேர்தல் நடத்துங்கள், 169-ஆம் பிரிவுக்கும், மேலவையின் அமைப்பைச் சொல்லும் 171-ஆம் பிரிவுக்கும் திருத்தம் கேட்டு டெல்லிக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு படிவங்களை அச்சடியுங்கள். அடுத்த தடவை படிவம் 19 கொடுக்கும்போது, ஒன்றாம் வகுப்பு எடுக்கிற டீச்சரிடமும் ஒன்றைக் கொடுக்கச் சொல்லித் தாலுகா அலுவலகத்துக்கு உத்தரவு வர வேண்டும்.